ஒன்றையும் பிடிக்காத வலை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நீங்களும் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறீர்கள். ஆகையால் படிப்பில் நாம் சரிசமம். எழுத்துப் பிழை இருந்தால் உங்களுக்குள்ளேயே திருத்திக்கொள்ளுங்கள், ஆசிரியரிடம் போய்ச் சொல்ல வேண்டாம்.

என் கடைசி மகள் நித்யா உங்களோடு படிக்கிறாள். பள்ளித் தோட்டத்துக் கொய்யா மரத்துக்கு வலை போடலாமா, கூடாதா என்று உங்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டதாம். "தண்ணி ஊத்தினது நாம, பழம் மட்டும் அணிலுக்கா?" என்று ஒரு கட்சி. "வலை போட்டா குருவி மாட்டிக்கிட்டுச் சாகும்" என்று இன்னொரு கட்சி. நடுவில் நித்யா எழுந்து, "எங்கப்பா செஞ்ச வேலையே அதுதான், அவர் எழுதிக் கொடுப்பார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன தை மாதம் வேலையிலிருந்து நின்றதிலிருந்து, அப்பா வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

இரண்டு கட்சி சொல்வதும் சரிதான். அது எப்படி என்று எனக்குப் புரிவதற்கு ஒரு காக்கா தேவைப்பட்டது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் புதுச்சேரிக் கடலோரத்துக் குருசுக்குப்பம். அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு அலையைத் தாண்டுவதற்குள் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். முதல் தடவை அண்ணன் சிரித்தான். ஐந்தாவது தடவை அப்பா படகைத் திருப்பினார். "மீனுக்குத் தீனி போடறதுக்கா ஒன்ன இட்டுக்கினு போறேன்? கரையிலயே இருடா" என்றார். கரையில் உட்கார்ந்து வலை பின்னினேன், கிழிந்ததைத் தைத்தேன். அதில் என் கை நல்ல கை. குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு டவுனில் வீடுகளுக்குத் தோட்ட வேலை செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில், பழ மரத்துக்கு வலை கட்ட ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் ஏணி தூக்கினேன், எரு சுமந்தேன், கிளை வெட்டக் கற்றுக்கொண்டேன், இரண்டு தடவை மரத்திலிருந்து விழுந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் மேலதிகாரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் போலின் அம்மா. அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். கட்டம் போட்ட பருத்திப் புடவை, கையில் ஆம்பளைக் குடை, தோளில் ஒரு துணிப்பை. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் என்பதால் அம்மாவின் பேச்சில் நடுநடுவே பிரெஞ்சு வந்து விழும். நாங்கள் அவசரப்பட்டு எதையாவது இழுத்தால், "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். அதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்போம்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரணமாக "மூர்த்தி, இங்க வாப்பா" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "கலியமூர்த்தி, நீங்க கொஞ்சம் இங்க வாங்க" என்றால் அன்றைக்கு என் கதை முடிந்தது. என்னோடு வேலை பார்த்த அரிகிருஷ்ணனுக்கு மரியாதை அடிக்கடி கிடைக்கும். அவன் வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம். என்னைக் 'கடலோடி' என்றுதான் கூப்பிடுவான். பாதி தூரம் போய்த் திரும்பி வந்த கடலோடி என்று பிறகு விளக்கம் வேறு கொடுப்பான்.

புது வீட்டுக்கு வேலைக்குப் போனால் போலின் அம்மா முதலில் வலையைத் தொடவே விடமாட்டார். மரத்தை மூன்று சுற்று சுற்றுவார். முதல் சுற்றில் கீழே பார்ப்பார், இரண்டாவது சுற்றில் நடுவில், மூன்றாவது சுற்றில் உச்சியில். கூடு இருக்கிறதா என்று பார்க்கிறார். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறந்து போகும் வரை அந்த மரத்துக்கு வலை கிடையாது. வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் சரி.

அப்புறம் துணிப்பையிலிருந்து மடக்கு முக்காலியை எடுத்துப் போட்டு ஒரு மணி நேரம் உட்காருவார். "மொதல்ல விருந்தாளி யாரு யாருன்னு தெரியணும்பா. ஆளு தெரியாம எலை போட முடியுமா?" என்பார். கீழே கிடக்கும் கடிபட்ட பழங்களைப் பொறுக்கி வந்து பழைய பேப்பரில் வரிசையாக வைக்கச் சொல்வார். ஒவ்வொன்றையும் யார் கடித்தது என்று நாங்கள் சொல்ல வேண்டும். நீங்களும் உங்கள் கொய்யா மரத்தடியில் இதைச் செய்து பாருங்கள். கிளி கடித்தால் கரண்டியால் தோண்டின மாதிரி பெரிய பள்ளம் இருக்கும். பாதியில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பழத்துக்குப் போயிருக்கும். கிளியைப் போல வீணாக்குகிறவர் உலகத்தில் கிடையாது. அணில் கடித்தால் சீப்பால் வாரின மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். கொண்டைக்குருவி ஒரு ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தோலை அப்படியே விட்டுவிடும். வௌவால் சக்கையை உருட்டித் துப்பிவிட்டுப் போகும். பழ ஈ வந்தால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், அறுத்துப் பார்த்தால் உள்ளே புழு.

யார் என்று தெரிந்த பிறகுதான் எதைக் கட்டுவது என்ற பேச்சு. வெறும் பறவைக்கு ஒரு வலை, ஈக்கும் சேர்த்து என்றால் கொசுவலை மாதிரி இன்னும் பொடிக்கண் வலை. சில மரத்துக்கு வலையே வேண்டாம், பழத்துக்குப் பழம் ஒரு பை போதும்.

பை என்றதும் கோரிமேட்டு மாதுளை ஞாபகம் வருகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. தாழ்ந்த மதில், அதையொட்டி ஒரு மாதுளை மரம். ஒரு சின்னப் பட்டாம்பூச்சி பிஞ்சின் மேல் முட்டை வைத்துவிடும். புழு பொரிந்து பழத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போலின் அம்மா பார்த்துவிட்டு, பழத்துக்கு ஒரு துணிப்பை என்றார். என் மனைவி தன்னுடைய பழைய வாயில் துணிப் புடவைகளை வெட்டி, சுருக்குப்பை மாதிரி தைத்துக் கொடுத்தாள். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று எல்லா நிறத்திலும் பை. நானும் அரியும் ஒரு நாள் முழுக்கக் கட்டினோம்.

அடுத்த வாரம் பார்க்கப் போனால், கட்டினதை விட அதிகமாக இருந்தது. கிழிந்த புடவைத் தலைப்பு, கைக்குட்டை, மஞ்சள் கயிறு, ஒரு குழந்தையின் காலுறை. மதிலோரமாக ஒரு அம்மா நின்று முந்தானையிலிருந்து கிழித்த துண்டு ஒன்றைக் கிளையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா கட்றீங்க?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு உள்ள படுத்துனு இருக்காரு. எல்லாரும் வேண்டிக்கினு கட்டியிருக்காங்களேன்னு நானும் கட்டுனேன். இது என்னா சாமிப்பா?"

அரி வாயைத் திறந்து "மாதுளை..." என்று ஆரம்பித்தான். நான் அவன் காலை மிதித்தேன். "சீக்கிரம் நல்லாயிடுவாரும்மா" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்.

வீட்டுக்காரம்மா எல்லாவற்றையும் அவிழ்த்துப் போடச் சொன்னார். போலின் அம்மா தலையை ஆட்டினார். "நாம கட்டுனத மட்டும் அவுக்கலாம். மத்ததுல என்ன முடிஞ்சு வெச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. தொடாத." நாங்கள் கட்டினது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, என்னுடைய முடிச்சு குப்பத்து முடிச்சு. பழம் பழுத்ததும் பைகளை அவிழ்த்தோம், மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அந்த வீட்டுக்காரம்மாவும் பிறகு மதில் பக்கத்துக் கிளையில் காய்த்ததை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார். அந்த முந்தானை அம்மாவை மறுபடி நான் பார்க்கவில்லை.

இனி காக்கா கதை.

முத்தியால்பேட்டையில் கோபால் அண்ணன் என்று ஒருவர். மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடின வருடம், கடைசி நாள் வேலைக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு ஒட்டு மாங்கன்றைச் சைக்கிள் பின்னால் கட்டி வந்து வீட்டுக்குப் பின்னால் நட்டார். அது மாடிக்கு மேலே வளர்ந்து பந்து பந்தாகக் காய்த்தது. பாதிக் கிளை அடுத்த வீட்டு மாடிக்கு மேலே போய்விட்டது.

அடுத்த வீடு ஜெயந்தி அக்காவுடையது. அவர் தாளிப்பு வடகம் போட்டு விற்கிறவர். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து எல்லாம் சேர்த்து மாடியில் பாய் விரித்துக் காய வைப்பார். சாயங்காலம் அள்ளி, எண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி வைத்து, மறுநாள் திரும்பவும் உதிர்த்துக் காய வைப்பார். இப்படிப் பல நாள் வெயில் வேண்டும். அவர் வடகம் பாரிசுக்கெல்லாம் போகும். அந்த வாசனை தெருமுனையிலேயே நம்மைப் பிடித்து நிறுத்திவிடும்.

இப்போது யோசியுங்கள். வடகத்துக்கு வெயில் எப்போது? சித்திரை, வைகாசி. மாம்பழம் எப்போது? அதே சித்திரை, வைகாசி. கிளி மாங்காயைக் கடித்து, பாதியை வடகப் பாயில் போடும். சாறு, ஈ, எறும்பு. ஒரு காய் விழுந்தால் ஒரு பாய் வீண். இரண்டு வருடம் ஜெயந்தி அக்கா பொறுத்துக்கொண்டார். மூன்றாம் வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நடந்து முடிவாகிவிட்டது. இந்த வருடமும் வடகம் கெட்டால் மரத்தை வெட்டிவிடுவது. மரம் அறுக்கிறவரிடமும் சொல்லி வைத்தாகிவிட்டது.

கோபால் அண்ணனுக்குச் சண்டை போடத் தெரியாது. "அது அவங்க பொழப்பு, இது என் மரம். எது பெருசுன்னு நான் எப்படிப்பா சொல்றது? ஒங்க வலை நின்னுச்சுன்னா மரம் நிக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

போலின் அம்மா வழக்கம்போல மூன்று சுற்று சுற்றி, முக்காலியில் உட்கார்ந்து, அளவெடுத்துக் கொடுத்தார். காய் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்ததும் கட்டச் சொல்லி, வேலையை என் பொறுப்பில் விட்டுவிட்டு அந்த வாரம் வேறு வீட்டு வேலைக்குப் போனார். என்னை நம்பி ஒரு பெரிய மரத்தை விட்டது அதுதான் முதல் தடவை.

அளவெடுத்ததற்கும் வலை வந்ததற்கும் நடுவில் மரம் உச்சியில் புதுத் துளிர் விட்டிருந்தது. இரண்டு முழம் வலை குறைந்தது. ஆபீசிலிருந்து இன்னொரு துண்டு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணனுடைய நைலான் வலையில் ஒரு துண்டை வெட்டி வந்தேன். நரம்பு மாதிரி மெல்லிசு, வெயிலில் கண்ணுக்கே தெரியாது, இழுத்தால் கை அறுக்கும்.

"அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றான் அரி.

"வலையப் பத்தி எனக்கு நீ சொல்றியா?"

"நான் சொல்லலப்பா. கேட்டுக்கோன்னுதான் சொல்றேன்."

நான் கேட்கவில்லை. உச்சியில் ஏறி அந்தத் துண்டை வைத்துத் தைத்தேன். இன்னொன்றும் செய்தேன், அது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வலையை விறைப்பாகக் கட்டமாட்டோம். கொஞ்சம் தளர விட்டால்தான் மீன் முட்டினதும் வலை அதைச் சுற்றிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து பழகிய கை, தானாகவே தளர விட்டுவிட்டது. கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தேன். வலை இருப்பதே தெரியவில்லை. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு நாள் ஒரு கிளிகூட வரவில்லை. மூன்றாம் நாள் காலை கோபால் அண்ணன் போன் செய்தார். "மூர்த்தி, ஓடியாப்பா. புதுச்சேரிக் காக்கா பூரா எங்க வூட்டு மேலதான் இருக்குது."

போய்ப் பார்த்தேன். வடகம் திருட வந்த ஒரு காக்கா போகிற வழியில் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. கால் என் நைலானில் மாட்டிக்கொண்டது. உதற உதற இறக்கையும் சுற்றிக்கொண்டது. ஒரு காக்கா மாட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வானம் கறுத்துக் கிடந்தது. மதில், தண்ணீர்த் தொட்டி, கேபிள் கம்பி, எல்லா இடத்திலும் காக்கா. ஜெயந்தி அக்காவின் நான்கு பாயிலும் காக்கா. எச்சம் போட்டு, மிதித்து, கிளறி, முதல் நாள் உருட்டி வைத்த வடகம் அத்தனையும் நாசம். அவர் மாடிப்படியில் விளக்குமாற்றோடு நின்றிருந்தார். மேலே ஏற முடியவில்லை.

என்னைப் பார்த்ததும் சொன்னார். "வாப்பா. ஒங்க வலை கிளிய நிறுத்திடுச்சு, ரொம்ப சந்தோசம். இப்ப காக்காவ பத்திரிக்கை வெச்சுக் கூப்புட்டிருக்குது."

"அக்கா, தப்பு என்னுது. மரத்துது இல்ல."

"தப்பு யாருதா இருந்தா என்னா? வெங்காயம் என்னுது. திங்கக்கிழமை ஆளு வரட்டும்."

கோபால் அண்ணன் கீழே உதிர்ந்து கிடந்த பிஞ்சுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினார். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

விஷயம் கேள்விப்பட்டுப் போலின் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். குடையை விரித்துக்கொண்டு உச்சியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கலியமூர்த்தி, நீங்க கொஞ்சம் இங்க வாங்க."

போனேன்.

"மேல இருக்கிறது யாரு வலை?"

"என்னுதும்மா."

"எத பிடிக்கிறதுக்குக் கட்டுனீங்க?"

"எதையும் பிடிக்கிறதுக்கு இல்லம்மா."

"ஆனா பிடிச்சிருக்குதே."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. துணிப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கோபால் அண்ணனின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன், தலையில் ஹெல்மெட். அரி ஏணியைப் பிடித்தான். ஏறும்போதே டொக், டொக் என்று ஹெல்மெட்டில் கொத்த ஆரம்பித்துவிட்டார்கள். தோளில் கொண்டுபோன ஈரத் துண்டை அந்தக் காக்காவின் தலைமேல் போட்டு மூடினேன். இருட்டானதும் அது சட்டென்று அடங்கிவிட்டது. நான் வலையைப் பிடித்து இழுக்கப் போனேன். கீழேயிருந்து குரல் வந்தது. "இழுக்காத மூர்த்தி. இழுத்தா கால் போயிடும். ஒவ்வொரு நூலா அறு. தூஸ்மான்." நான் ஒவ்வொரு நூலாக அறுத்தேன். துண்டுக்குள்ளிருந்தே என் கட்டை விரலை அது ஒரு கடி கடித்தது. நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

கீழே கொண்டுவந்து பார்த்தோம். காலில் நூல் அறுத்த காயம், இறக்கை நன்றாக இருந்தது. கூடையைக் கவிழ்த்து நிழலில் வைத்து, ஒரு தட்டில் தண்ணீர் வைத்தோம். மத்தியானம் கூடையைத் தூக்கினதும் நொண்டிக்கொண்டே இரண்டு அடி நடந்தது, அப்புறம் எழும்பி எதிர்வீட்டுத் தென்னையில் போய் உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் போய்விட்டது. காக்கா ஆள் முகத்தை மறக்காது என்று நான் நம்பினதில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் காலை வைத்தால் போதும், இரண்டு காக்கா என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் திரும்பும். "ஒனக்குப் போலீஸ் காவல் போட்டிருக்காங்க" என்றான் அரி. அந்தக் கோடை முழுக்க நான் ஹெல்மெட்டோடுதான் நடந்தேன், வண்டி இல்லாமல்.

ஆனால் மரம்? நைலானை எடுத்தாகிவிட்டது. ஜெயந்தி அக்கா சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

போலின் அம்மா மரத்துப் பக்கமே போகவில்லை. ஜெயந்தி அக்காவிடம் கேட்டுக்கொண்டு அவர் மாடிக்கு ஏறினார். காலியாகக் கிடந்த பாய்களை மூன்று சுற்று சுற்றினார். முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எனக்குப் புரியவில்லை.

"வெயில் இங்க எத்தன மணி வரைக்கும் நிக்கும்?" என்று கேட்டார்.

"நாலு வரைக்கும்" என்றார் ஜெயந்தி அக்கா, வேண்டாவெறுப்பாக.

"மாமரம் காய்க்கிறதுக்கு முன்னாடி பாயில யாரு வருவாங்க?"

"காக்காதான். அணிலும் வரும். நான் கோலோட உக்காந்து ஓட்டணும். ஒரு நிமிசம் கீழ போக முடியாது. அடுப்புல பால் வெச்சிருந்தா பொங்கி ஊத்தும்." சொல்லச் சொல்ல அக்காவின் குரல் இளகியது. வடகத்தைப் பற்றி யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை போல.

"மரத்துக்குப் போடற வலையையே இப்படி இழுத்து, ஒங்க பாய்க்கு மேலயும் கொண்டாந்து கட்டிட்டா?"

"நெழல் உழும். வடகம் காயாது."

"ஒரு நாள் பாத்துடலாமா?"

மறுநாள் சனிக்கிழமை. அக்கா புதிதாக வெங்காயம் அரிந்து இரண்டு பாய் போட்டார். ஒரு பாயின் மேல் எங்கள் வெள்ளை வலை. இன்னொன்றுக்கு அவரே கோலோடு காவல். சாயங்காலம் நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க, இரண்டு பாயிலிருந்தும் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கோபால் அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒன்னாதான் இருக்குது" என்றார். ஏதோ தோற்றுப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. சவுக்குக் கழிகளை மரத்தைச் சுற்றியும் மாடிச் சுவரோரமும் நட்டோம். கழி முனை வலையைக் கிழிக்காமல் இருக்கப் பழைய தண்ணீர் பாட்டிலை வெட்டிக் குல்லா மாதிரி மாட்டினோம். குறைந்த இடத்துக்கு ஆபீசிலிருந்து வந்த வெள்ளைத் துண்டையே வைத்துத் தைத்தேன். வெள்ளை ஏன் என்றால் பறவைக்குத் தூரத்திலிருந்தே தெரியும், மோதாது. வலையின் கண் பொடியாக இருக்க வேண்டும். உங்கள் சுண்டு விரலை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் அந்த வலை வேண்டாம், ஏதாவது ஒரு தலையோ காலோ அதில் மாட்டும். கடைசியாக, எங்கும் தொங்கல் இல்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். என் கை தளர விடும்போதெல்லாம் அரி "கடலோடி, மீன் இல்ல" என்று ஞாபகப்படுத்தினான். கட்டி முடித்துத் தட்டினால் உறுமி மேளம் மாதிரி சத்தம் வந்தது. கீழே ஓரமெல்லாம் செங்கல் வைத்து இடைவெளி இல்லாமல் மூடினோம். அக்கா போய்வர ஒரு பக்கம் மட்டும் திரை மாதிரி தூக்குகிற வழி.

தெருப்பக்கம் ஒரு கிளையை மட்டும் போலின் அம்மா வலைக்கு வெளியே விடச் சொன்னார். எந்த மரமானாலும் ஒரு கிளை வெளியே விடுவார். "நாளெல்லாம் சுத்திச் சுத்தி வந்துட்டு வெறும் வாயோட போகணுமா அதுங்க?" என்பார். ஜெயந்தி அக்கா அந்தக் கிளை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்ட பிறகுதான் சரி என்றார்.

திங்கட்கிழமை காலை மரம் அறுக்கிறவர் ரம்பமும் கயிறுமாக வந்துவிட்டார். யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் ஜெயந்தி அக்காவைப் பார்த்தோம். அவர் மாடியில் நின்று வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிளி வந்து வலைமேல் உட்கார்ந்தது. விறைப்பான வலை அதை ஒரு குதி குதிக்க வைத்தது. இந்தப் பக்கம் நடந்து பார்த்தது, அந்தப் பக்கம் நடந்து பார்த்தது, கத்திவிட்டுப் போய்விட்டது. கீழே பாயில் வடகம் பத்திரமாக இருந்தது.

அக்கா சுவரோரமாக எட்டிப் பார்த்து, "வந்ததும் வந்துட்டீங்க. அந்தச் சவுக்குக் கழி நீட்டிக்கினு கண்ணக் குத்துது. அத மட்டும் அறுத்துக் குடுத்துட்டு, டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

கோபால் அண்ணன் உடனே டீ போட உள்ளே ஓடினார்.

பிள்ளைகளே, பழம் வேண்டும் என்கிற கட்சிக்கும் குருவி வேண்டும் என்கிற கட்சிக்கும் நான் சொல்வது இதுதான். வலை எதையும் பிடிக்கக் கூடாது, எல்லாரையும் வெளியே நிறுத்தினால் போதும். கட்டிவிட்டு மறந்துவிடாமல் தினமும் காலையில் ஒருவர் போய்ச் சுற்றிப் பாருங்கள். அதோடு, மரம் பூத்திருக்கும்போது கட்டாதீர்கள். தேனீ வராவிட்டால் காயே பிடிக்காது, அப்புறம் வெறும் இலைக்குத்தான் காவல் காப்பீர்கள்.

அடுத்த வருடம் மாசி மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. கோபால் அண்ணன் என்று நினைத்தேன். ஜெயந்தி அக்கா.

"ஏம்பா மூர்த்தி, மரத்துல இந்த வருசம் பூவே காணோமே. ஒடம்பு கிடம்பு சரியில்லையா அதுக்கு?"

"அண்ணன் என்னா சொல்றாரு?"

"அவருக்கு என்னா தெரியும். ஒரு வருசம் நெறைய காய்ச்சா அடுத்த வருசம் ஓய்வெடுக்கும்னு சொல்லிட்டுப் பேப்பர் படிக்கிறாரு. நீ வந்து பாரு."

போனேன். அக்கா என்னை மாடிக்கு அழைத்துக்கொண்டு போய், மரத்தை அண்ணாந்து பார்த்து விரல் நீட்டி ஒவ்வொரு பூங்கொத்தாகக் காட்டினார். மரம் நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் சொன்னது சரி, ஓய்வெடுக்கிற வருடம்.

"மொத்தமே ஆறு கொத்துதான்" என்றார் அக்கா, பெருமூச்சோடு.

"ஏழுக்கா. தெருப்பக்கக் கிளையில ஒன்னு இருக்குது பாருங்க."

"அது குருவிங்களுது. அத நான் எண்ணல."